திட்ட ஆளில்லாத வீடு

பேஸ் கிடாருக்கு ஒரு சாபம் உண்டு. போனில் போட்டால் அது கேட்காது. நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். போனில் டிரம்ஸ் டப்டப் என்று தட்டும், லீட் கிடார் கீச்சிடும், பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும், நான் மட்டும் இருக்க மாட்டேன். எங்கள் சொந்தபந்தம் முழுக்க எங்கள் பாட்டைப் போனில்தான் கேட்டது. காரைக்குடியில் என் சித்தப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இதுல நீ எங்குட்டு இருக்க?" என்றார். "அடியில இருக்கேன் சித்தப்பா," என்றேன். அவர் போனைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் கேக்கலயே," என்றார், என்மேல் இரக்கப்பட்டு.

எங்கள் பாண்டில் பாட்டு எழுதுவது நான். மெட்டுப் போடுவதும் பெரும்பாலும் நான்தான். பாடுவது அவள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை, என்னைத் தவிர. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் ஒப்பிக்க வைப்பார்கள். அதில் காய்மகாரம் என்று ஒன்று வரும். பொறாமைக்குப் பழைய ஜெபப் புத்தகம் வைத்த பெயர் அது. மற்ற பாவங்களில் செய்கிறவனுக்குக் கொஞ்சமாவது சுகம் உண்டு. போஜனப்பிரியனுக்குச் சாப்பாடாவது மிச்சம், சோம்பேறிக்குத் தூக்கமாவது மிச்சம். காய்மகாரக்காரிக்கு ஒன்றும் கிடையாது, சொந்த வயிற்றை எரித்துக் குளிர்காய வேண்டியதுதான். இத்தனை வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

எல்லாம் கோவிலில் ஆரம்பித்தது. வெளிநாட்டிலிருந்த யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் பங்குக் கோவிலுக்கு ஒரு பேஸ் கிடாரை அனுப்பிவைத்திருந்தார். பாடகர் குழுப் பையன்கள் கீபோர்டையும் சாதாரண கிடாரையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாலே கம்பியுள்ள அந்தக் கனத்த மரத்தை யாரும் சீந்தவில்லை. குழுவை நடத்திய சிஸ்டர் என் குரல் கட்டை என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். "நீ இதத் தூக்கிக்க, நாலு கம்பிதான்," என்றார். தூக்கிக்கொண்டேன். முதல் கம்பியைத் தட்டியதும் உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிர்ந்தது. பூசைக்கு வந்திருந்த யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் எல்லார் காலும் ஆடியது. ஆட்டுகிறவள் யாரென்று தெரியாமலே ஆடுகிறார்கள் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய அதிகாரமாகப் பட்டது. தெரியாமலே இருந்துவிடுவார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா கானாடுகாத்தான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். திட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. நின்றுகொண்டு சாப்பிட்டால் திட்டு, ஈரத்தலையோடு படுத்தால் திட்டு, லைட்டை அணைக்காமல் தூங்கினால் திட்டு. கொஞ்சுகிற அம்மா இல்லை அவள். எங்கள் வீட்டில் பாசத்துக்குத் தனியாக வேறு பாஷை கிடையாது. என்ஜினியரிங் முடித்து வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனபோதும் பஸ் ஜன்னல் வழியாகத் திட்டித்தான் அனுப்பினாள். பையை மடியில் வைத்துக்கொள்ளவில்லையாம்.

சென்னையில் பகலில் கம்ப்யூட்டர் வேலை, சாயங்காலம் பாண்டு. காலேஜ் விழாக்கள், ஓட்டல்கள், மழையில் நனைந்த திறந்தவெளி மேடைகள் என்று வாசித்தோம். மேடைக்கு முன்னால் ஒலி சரிபார்க்க வருகிற ஆள் என்னைப் பார்த்ததும், "மேடம், உங்க மைக் இது," என்று பாட்டு மைக்கைக் கொண்டுவந்து வைப்பார். "நான் பேஸ்," என்பேன். "யாரு வாசிக்கிறது?" என்பார். நான்தான் என்று மறுபடியும் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் நான் சளைத்தவள் இல்லை. ஒரு கட்டத்தில் வேலையை விட்டேன். அம்மா ஒரு மாதம் போனில் பேசவில்லை. பிறகு பேசினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், திட்டவில்லை. அந்த ராத்திரிகளில் வாடகை அறையில் லைட்டை அணைக்காமல் தூங்கினேன். நின்றுகொண்டே சாப்பிட்டேன். கேட்க நாதியில்லை. அப்போதுதான் அந்தப் பாட்டை எழுதினேன்.

"விளக்கு எரியுது விடிய விடிய, ஏன்னு கேக்க ஆளில்ல. ஈரத் தலையோட தூங்கிப் போனேன், திட்ட ஆளில்லாத வீடு." இப்படிப் போகும். பெரிய கவித்துவம் ஒன்றும் இல்லை. அம்மா என்கிற சொல்லே அதில் வராது, வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். அது முழுக்க முழுக்க என் அம்மாவைப் பற்றிய பாட்டு. என்றாவது அவள் அதைக் கேட்பாள், தான்தான் அது என்று அவளாகவே கண்டுபிடிப்பாள் என்று காத்திருந்தேன். போன் போட்டு, அம்மா, இது உனக்காக எழுதியது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டு வாங்கித் தின்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, அம்மாவிடம்கூட.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பழைய பாடகன் வெளிநாடு போக, அவள் வந்தாள். சென்னைப் பெண். காலேஜில் படிக்கும்போதே அம்மாவைப் பறிகொடுத்தவள். அது எனக்குப் பிறகுதான் தெரியும். வந்த முதல் நாள் என் பாட்டைக் கையில் கொடுத்தேன். முதல் வரியைப் பாடியதும் டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். எனக்கும் அன்று உடம்பு சிலிர்த்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் எழுதியபோது அந்த வரிகளில் இவ்வளவு துக்கம் இல்லை. அவள் எங்கிருந்தோ கொண்டுவந்து அதில் ஊற்றினாள்.

அந்தப் பாட்டு எங்களைத் தூக்கிவிட்டது. எங்கே போனாலும் அதைக் கேட்டார்கள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "உங்க அம்மாவுக்கு எப்பேர்ப்பட்ட பாட்டு எழுதிட்டீங்க," என்பார்கள், அவள் தாயில்லாதவள் என்று எங்கோ படித்தவர்கள். அவள் ஒவ்வொரு தடவையும், "எழுதினது நான் இல்லங்க, இவ," என்று என்னைக் காட்டுவாள். அவர்கள் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு அசைத்துவிட்டு மறுபடியும் அவளிடம் திரும்பி அழுவார்கள். பேட்டியில் சொல்வாள், பேட்டி எடுத்தவர்கள் அந்த இடத்தை வெட்டிவிடுவார்கள். அவள் மட்டும் ஒரு கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவள். என் கிடார்ப் பையை எனக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நடக்கிறவள். நல்லவளைப் பார்த்துப் பொறாமைப்படுவதுபோல் கேவலமான பிழைப்பு உலகத்தில் இல்லை.

அம்மாவும் கேட்டாள். போனில்தான். "நல்லாருக்குடி," என்றாள். அடுத்த மூச்சில், "அந்தப் புள்ளைக்கு எந்த ஊரு? சாப்பிடுதா ஒழுங்கா? மெலிஞ்சு கெடக்கு," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடும்போதெல்லாம் அவளைப் பற்றி ஒரு கேள்வி இருக்கும். தனக்கான பாட்டைக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடத் தவித்துக்கொண்டிருந்தாள் என் அம்மா.

இந்த நிலைமையில் எங்கள் கோவில் திருவிழாவுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். சாயங்காலப் பூசை முடிந்ததும் கலைநிகழ்ச்சி, அதன் பிறகு சப்பரம். ஏற்பாடு சித்தப்பா. நான் ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். அம்மா முன்வரிசையில் இருப்பாள், போன் இருக்காது, பெரிய ஸ்பீக்கர் இருக்கும். அந்தப் பாட்டை அன்றைக்கு நானே பாடுவதென்று முடிவு செய்தேன். பாடுவதற்கு முன்னால், இது எங்கம்மாவுக்கு என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது. சொந்த ஊர், சொந்தக் கோவில், சொந்த அம்மா. இங்கேயுமா என்னைக் கேட்காமல் போவார்கள்?

ஊருக்குள் நுழைந்ததும் பிளெக்ஸைப் பார்த்தேன். கோவில் வளைவுக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. "எங்கள் மண்ணின் மகளே வருக வருக" என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி அவள். சென்னையில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, அதுவரை காரைக்குடிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். நான் எங்கே என்று தேடினேன். இருந்தேன். ஆக அடியில், நல்வாழ்த்துக்களுடன் என்று வரிசையாகத் தபால்தலை அளவில் முகங்கள் போடுவார்களே, அதில் சித்தப்பாவுக்கும் டீக்கடைக்காரருக்கும் நடுவில். என்னை நானே வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

அவள் வேனிலிருந்து இறங்கி அதைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

"என்ன சித்தப்பா இப்புடிப் போட்டுட்டீக?"

"பாடுற புள்ள மொகத்தத்தான பெருசாப் போடணும். ஒன்ன ஊருக்கே தெரியும், ஒனக்கு எதுக்கு பிளெக்ஸு?" என்றார் சித்தப்பா. இதில் என்ன தப்பு என்று அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

வீட்டில் அதற்குமேல். பாண்டு ஆட்கள் லாட்ஜில் தங்க, அவளை மட்டும் அம்மா வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்லியிருந்தாள். வாசலிலேயே, "வா தாயி, வெயில்ல கறுத்துப் போயிட்ட," என்று கன்னத்தைத் தடவினாள். என் கன்னத்தை அம்மா தடவிய ஞாபகம் எனக்கு இல்லை. வெள்ளைப் பணியாரம் செய்திருந்தாள். பாடுகிறவள் ஏதோ ஒரு பேட்டியில் பிடிக்கும் என்று சொன்னாளாம். அதற்காக அரிசியும் உளுந்தும் அளவு பார்த்து ஊறப்போட்டு, கூடவே காரச் சட்னி. நான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்பேன். "அதுக்கு யாருடி எண்ணெச் சட்டிகிட்ட நிக்கிறது," என்பாள். அன்று நின்றாள். நான் நின்றுகொண்டே தட்டில் எடுத்துத் தின்றேன். விருந்தாளியைக் கவனிக்கிற மும்முரத்தில் அதை அம்மா பார்க்கவில்லை.

மத்தியானம் பாடுகிறவளிடம் சொன்னேன். "இன்னைக்கு அந்தப் பாட்டை நான் பாடுறேன்."

"பாடேன்டி. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், நீதான் கேக்க மாட்ட," என்றாள். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் கிடையாது. கொஞ்சமாவது முகம் சுளித்திருந்தால் நான் நிம்மதியாகப் பாடியிருப்பேன்.

பேஸ் வாசித்துக்கொண்டே பாடுவது லேசான காரியம் இல்லை. சாதாரண கிடார் என்றால் வாய் போகிற பக்கமே கையும் போகும். நான் அந்தப் பாட்டுக்குப் போட்டிருந்த பேஸ், வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் வந்து விழும். வாய் ஒரு பக்கம் இழுக்கும், கை வேறு பக்கம் இழுக்கும். என் கட்டைக் குரலுக்காகச் சுருதியை இறக்கி வாசிக்கும்படி மற்றவர்களிடம் அன்று மத்தியானம்தான் சொன்னேன். சென்னை அறையில் ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பழகியிருந்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன் என்று நினைத்தேன்.

பூசை முடிந்து மைதானம் நிறைந்தது. அம்மா முன்வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், பட்டுப்புடவையில். பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலைந்து பாட்டு அவள் பாடினாள், ஊர் சொக்கிப்போய்க் கிடந்தது. பிறகு நான் பாட்டு மைக்குக்கு முன்னால் வந்தேன். "இந்தப் பாட்டு," என்று ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்து சித்தப்பா மைக்கை வாங்கிக்கொண்டார். சப்பரம் வருகிற பாதையில் நிற்கும் வெள்ளைக் காரை உடனே எடுக்கும்படி கேட்டுக்கொண்டார். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் விளக்கினார். மைக்கை அவர் திருப்பி வைப்பதற்குள் டிரம்ஸ்காரன் குச்சியைத் தட்டி எண்ண ஆரம்பித்துவிட்டான். சொல்ல நினைத்ததைச் சொல்ல இடம் இல்லாமல் பாட்டுக்குள் போனேன்.

முதல் நாலு வரி ஒப்பேற்றினேன். பிறகு அம்மாவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கை வாயோடு போய்விட்டது. அடியில் தாங்க வேண்டிய பேஸ் தாங்கவில்லை, பாட்டு நொண்டியது. டிரம்ஸ்காரன் தாளத்தை அழுத்தி என்னைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். பின்னாலிருந்து ஒரு குரல், "அந்தப் புள்ளையப் பாடச் சொல்லுங்கப்பா," என்றது. சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்போது அவள் பக்கவாட்டிலிருந்து தன் மைக்கை எடுத்து, திட்ட ஆளில்லாத வீடு என்று வருகிற இடத்தில் எனக்கு மேலே ஒரு குரல் சேர்த்தாள். என்னைக் காப்பாற்றத்தான். மைதானம் முழுக்கக் கைதட்டல். என் கை தானாகப் பழைய இடத்துக்கு வந்து சரியாக வாசிக்க ஆரம்பித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன், அவள் பாடி முடித்தாள். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் அவள் தொண்டை கட்டிக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டேன், அதுவும் கோவில் வாசலில் நின்று.

மறுநாள் காலையில் அடுக்களையில் அம்மா எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாள். டம்ளரை மேடையில் வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. பாடுகிறவள் குளித்துவிட்டு உள்ளறையில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து எதுக்குடி அப்படிச் செஞ்ச?" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி.

"என்ன செஞ்சேன்?"

"அந்தப் புள்ள பாட்ட எதுக்குப் பிடுங்கிப் பாடுன? தாயில்லாப் புள்ள, அது பெத்தவள நெனச்சு எழுதி வச்சிருக்கு. ஊரே கூடியிருக்கையில ஒனக்கு அதுல என்ன போட்டி? பிறர் உடைமைய விரும்பாதேன்னு எத்தன தடவ ஒப்பிச்சிருப்ப. எனக்கு மானமே போச்சு."

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். இப்போது சொன்னால் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை சாக்குச் சொல்வது மாதிரித்தான் அம்மாவுக்குக் கேட்கும் என்று தோன்றியது. காபியை எடுத்துக் குடித்தேன்.

அவள் தலையில் துண்டோடு அடுக்களை வாசற்படியில் வந்து நின்றாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. "அம்மா," என்றாள், "அது என் பாட்டு இல்லம்மா. இவ எழுதினது. உங்களப் பத்தி எழுதினது. நான் பாட மட்டும்தான் செய்றேன்."

"என்னப் பத்தியா?" அம்மா கையிலிருந்த கரண்டியோடு திரும்பினாள். "நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீங்க இங்க, இவ அங்க. வேலைய விட்டுட்டான்னு நீங்க பேசாம இருந்தீங்களாம். திட்டக்கூட இல்லையாம். அப்ப எழுதினது."

நான் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை அவள் போகிறபோக்கில் சொல்லிவிட்டாள். சொன்னது மட்டுமில்லை, அம்மா நம்பினாள். ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. பெற்ற மகள் வாயிலிருந்து வந்திருந்தால் பொய்யாகியிருக்கும் விஷயம், அவள் வாயிலிருந்து வந்ததும் மெய்யாகிவிட்டது. என் பாட்டு என்னுடையது என்பதைச் சொல்லவும் அவள் குரல்தான் வேண்டியிருந்தது.

அம்மா அடுப்பை அணைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "நெசமாவா?" என்றாள். தலையை ஆட்டினேன். அம்மா அவளிடம் திரும்பி, "இன்னொரு தடவ பாடு தாயி," என்றாள்.

"இவளே பாடட்டும்மா."

"இவ பாடி நேத்துத்தான் கேட்டேனே. எனக்கு மனசுக்குள்ள ஒண்ணும் வரல. நீ பாடு, கேப்போம்."

அம்மா மனசில் பட்டதைச் சொன்னாள். டீச்சர், மதிப்பெண்ணில் இரக்கம் காட்டிப் பழக்கமில்லை. பாடுகிறவள் என்னைப் பார்த்தாள். பாடு என்று கையைக் காட்டினேன். வேறென்ன செய்வது? அவள் அம்மாவின் காலருகே தரையில் உட்கார்ந்து மெதுவாகப் பாடினாள். இரண்டாவது வரியில் அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்காகத்தான் அழுதாள். நான் தனியாக, ஈரத்தலையோடு, எரிகிற லைட்டின் கீழே படுத்திருந்ததை நினைத்து அழுதாள். ஆனால் அழுதுகொண்டே தடவிக்கொடுத்தது அவள் தலையை. துண்டை அவிழ்த்து, ஈரம் போகவில்லையே என்று பாட்டுக்கு நடுவிலேயே துவட்டிவிட்டாள். நான் எழுதியதைக் கேட்டு என் அம்மா அவள் தலையைத் துவட்டுவதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு பற்றி எரிந்தது. பாடிக்கொண்டிருந்தவளுக்குக் கண் மூடியிருந்தது. யாருடைய கை என்று நினைத்துக்கொண்டிருந்தாளோ, அதைக் கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. என்னையறியாமல் பேஸ் வரவேண்டிய இடத்தில் வாயால் முனக ஆரம்பித்தேன், அடியில், மெதுவாக. பழக்கதோஷம். அவள் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்கு ஏறினாள்.

அம்மா துவட்டுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ கொஞ்சம் சும்மா இருடி, கேக்க விடு," என்றாள்.

சும்மா இருந்தேன்.